ஆங்கிலத்தில் பிஎச்.டி.: எந்த ஆஃபரை எடுப்பது? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் ஆங்கில இலக்கியத்தில் பிஎச்.டி. சேர்வது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், ஆஃபர் கையில் இருக்கிறது, எதை எடுப்பது என்று தெரியவில்லை என்கிற ரகம். பதில் சொல்லவேண்டிய தேதி நெருங்குவதால் அவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மேடம், திருநெல்வேலிப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கிறேன். எனக்கு இரண்டு ஆஃபர். ஒன்று சின்ன ஊரில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகம்: வருஷத்துக்கு 24,000 டாலர், ஐந்து வருஷமும் ஒரு செமஸ்டரில் இரண்டு வகுப்பு, அடுத்த செமஸ்டரில் ஒரு வகுப்பு நடத்த வேண்டும். என் ஆய்வுத் தலைப்பில் பெரிய பெயர் உள்ள பேராசிரியர் அங்கேதான் இருக்கிறார். இன்னொன்று கிழக்குக் கடற்கரைப் பெருநகரத்தில் தனியார் பல்கலைக்கழகம்: 34,000 டாலர், முதல் வருஷமும் கடைசி வருஷமும் வகுப்பு கிடையாது, நடுவில் மூன்று வருஷம் செமஸ்டருக்கு ஒன்று. ஆனால் என் தலைப்பில் அங்கே நேரடியாக யாரும் இல்லை. வீட்டில் எல்லோரும் 34,000 என்கிறார்கள், என் மனசு அந்தப் பேராசிரியரிடம் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

வீட்டில் சொல்லும் முடிவு சரி, ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் தப்பு. முதலில் பணத்தைப் பார்த்து முடித்துவிடலாம், ஏனென்றால் அதுதான் இதில் சுலபமான பகுதி. சின்ன ஊரில் இன்னொருவருடன் வீடு பகிர்ந்தால் உங்கள் பங்கு வாடகை மாசம் 600 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெருநகரத்தில் 1,400. வருஷத்துக்கு 7,200, 16,800. அப்புறம் ‘கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி’ என்று இரண்டு கடிதத்திலும் எழுதியிருப்பார்கள், ஆனால் பல அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷன் வேறு, ஃபீஸ் வேறு. பஸ், உடற்பயிற்சிக் கூடம், கம்ப்யூட்டர், வெளிநாட்டு மாணவர் அலுவலகம் என்று தனித்தனியாகப் போட்டு உங்களிடமே வாங்குவார்கள். அதற்கு வருஷம் 1,500 போடுங்கள். முதல் இடத்தில் கையில் மிஞ்சுவது 15,300, இரண்டாவதில் 17,200. ஊரே பேசுகிற பத்தாயிரம் டாலர் வித்தியாசம், வரிக்கு முன்னாலேயே 1,900 டாலராகச் சுருங்கிவிட்டது. அந்த 24,000 ஒன்பது மாசத்துக்கா, பன்னிரண்டு மாசத்துக்கா என்றும் கேளுங்கள். ஒன்பது மாசம் என்றால் மாசம் 2,600 சொச்சம் வந்துகொண்டிருந்துவிட்டு மே மாசத்தோடு நின்றுவிடும், ஆகஸ்ட் கடைசி வரை சேமிப்பில்தான் ஓட்ட வேண்டும். செமஸ்டர் நடக்கும்போது எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வளாகத்துக்குள் வேலை செய்யக் கூடாது, அந்த 20 மணி நேரத்தை வகுப்பு எடுக்கும் வேலையே தின்றுவிடும், ஆகவே பக்கத்தில் ஏதாவது சம்பாதித்துச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

இனி நிஜமான வித்தியாசத்துக்கு வருவோம். அமெரிக்கக் கல்லூரிகளில் இன்ஜினீயரிங் படித்தாலும் நர்ஸிங் படித்தாலும் அநேகமாக எல்லோரும் முதல் வருஷத்தில் கட்டுரை எழுதும் பாடம் ஒன்றைப் படித்தாக வேண்டும். கம்போசிஷன் என்பார்கள். ஆயிரக்கணக்கான பேருக்கு அதை நடத்தும் பொறுப்பு ஆங்கிலத் துறையின் தலையில், துறை அதில் பெரும் பகுதியை பிஎச்.டி. மாணவர்களிடம் கொடுக்கிறது. பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் உங்களுக்குத் தரும் உதவித்தொகை இந்த வேலைக்கான சம்பளம்தான், பரிசுப் பணம் இல்லை. ஆகவே ஆஃபரைப் படிக்கும்போது வேலை நியமனக் கடிதத்தைப் படிப்பது போலப் படியுங்கள்.

முதல் ஆஃபரில் வருஷம் மூன்று வகுப்பு, ஐந்து வருஷத்தில் 15. ஒரு வகுப்பில் 22 பேர் என்றால் 330 மாணவர்கள், ஆளுக்கு நாலு கட்டுரை, மொத்தம் 1,320. ஒன்றுக்கு 20 நிமிஷம் வைத்தால் 440 மணி நேரம், முதல் வரைவையும் படித்துத் திருத்தச் சொல்லும் துறையாக இருந்தால் (பெரும்பாலும் சொல்வார்கள்) அதுவே இரண்டு மடங்கு. இதில் வகுப்பில் நிற்கும் நேரம், பாடம் தயாரிப்பது, மாணவர்கள் வந்து பார்க்கும் நேரம் எதையும் சேர்க்கவில்லை. இரண்டாவது ஆஃபரில் மொத்தம் ஆறு வகுப்பு, அதே கணக்கில் ஏறக்குறைய 130 மாணவர்கள்.

20 நிமிஷமா, நான் ஐந்து நிமிஷத்தில் முடிப்பேனே என்று உங்களுக்குத் தோன்றலாம். முடியாது. உங்கள் கையில் வரும் ஒரு கட்டுரையைச் சொல்கிறேன். பதினெட்டு வயசுப் பெண், பாட்டியை முதியோர் இல்லத்தில் சேர்த்தது பற்றி ஐந்து பக்கம் எழுதியிருப்பாள். முதல் இரண்டு பக்கம் மனித குல வரலாறு, முதுமை என்றால் என்ன என்று அகராதி விளக்கம். நாலாம் பக்கத்து நடுவில், பாட்டிக்கு அங்கே போக விருப்பமே இல்லை, யாரும் அவளைக் கேட்கவில்லை என்று ஒரே ஒரு வரி கிடக்கும். அந்த வரியை அடிக்கோடிட்டு, ‘உன் கட்டுரை இங்கேதான் இருக்கிறது, இதிலிருந்து ஆரம்பி’ என்று ஓரத்தில் எழுத வேண்டும், முன்னால் உள்ள இரண்டு பக்கத்தை எடுத்துவிடலாம் என்று அவள் மனசு நோகாமல் சொல்ல வேண்டும், மேற்கோள் காட்டும் முறையில் உள்ள தப்பைக் காட்ட வேண்டும், கடைசியில் மார்க்குக்குக் காரணம் எழுத வேண்டும். நல்ல வேலை இது, நான் அங்கே செய்த வேலைகளில் மனசுக்கு நிறைவானதும் இதுதான். அதனால்தான் எச்சரிக்கிறேன்: மனசாட்சி உள்ள ஆளால் இதை அரைகுறையாகச் செய்ய முடியாது, உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை. இரண்டு வகுப்பு இருக்கும் செமஸ்டரில் 44 கட்டுரை ஒரே வாரத்தில் வந்து விழும், அந்த வாரம் உங்கள் ஆய்வு ஒரு வரிகூட நகராது. கல்லூரி எழுத்துப் பாட ஆசிரியர்களின் அமைப்பான சி.சி.சி.சி. ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 என்றால் நல்லது என்று பரிந்துரைக்கிறது. உங்கள் துறையின் எண்ணிக்கை என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

செமஸ்டருக்கு ஒரு வகுப்பு என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பேராசிரியர் விரிவுரை நடத்த, நீங்கள் இருபது பேருடன் வாரம் ஒரு முறை கலந்துரையாடி விடைத்தாள் திருத்துவது ஒரு வகை. பாடத்திட்டம் முதல் மார்க் வரை எல்லாமே நீங்கள் என்பது இன்னொரு வகை, சுமை ஏறக்குறைய இரட்டிப்பு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டாவது வகை அனுபவம் மதிக்கப்படும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அதற்கு நாலைந்து வகுப்பு போதும். ஒரே கம்போசிஷன் பாடத்தைப் பதினைந்து முறை நடத்தியதால் பதினைந்து மடங்கு மதிப்பு வராது.

பேராசிரியர் விஷயம். அவரிடம் படிக்கும் ஆசையைக் குறைத்துப் பேச மாட்டேன், ஆனால் கொஞ்சம் யோசியுங்கள்: முதல் இரண்டு வருஷம் பெரும்பாலும் பாடம்தான், பிறகு விரிவான தேர்வு, அதற்கப்புறம்தான் ஆய்வேடு. அதற்குள் தலைப்பு மாறிவிடுகிறவர்கள் ஏராளம். அந்த நேரத்தில் அவர் ஓய்வு பெற்றிருக்கலாம், வேறு பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கலாம், நீண்ட விடுப்பில் இருக்கலாம். அவருடைய மாணவர்கள் இரண்டு பேருக்காவது எழுதி, அத்தியாயத்தைக் கொடுத்தால் எவ்வளவு நாளில் படித்துத் தருகிறார், அவரிடம் கடைசியாக முடித்தவர்கள் எத்தனை பேர், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பல துறைகளில் ஆய்வுக் குழுவில் வெளிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். பெருநகரத்துப் பல்கலைக்கழகத்தில் அந்த விதி உண்டா என்று விசாரியுங்கள், இருந்தால் மூன்றாம் வருஷத்தில் இவரையே குழுவுக்கு அழைக்கலாம்.

இரண்டாவது ஆஃபரை எடுங்கள் என்றுதான் சொல்வேன், காரணம் வகுப்பு இல்லாத அந்த இரண்டு வருஷம். ஆனால் அதற்கு முன்னால் முதல் இடத்துக்கு ஒரு மரியாதையான கடிதம் போட்டுப் பாருங்கள். துறையின் முதுநிலைப் படிப்பு இயக்குநருக்கு எழுதுங்கள்: உங்கள் துறைக்கு வரத்தான் விருப்பம், இன்னொரு இடத்தில் இரண்டு வருஷம் கற்பிக்காமல் ஃபெலோஷிப் தருகிறார்கள், முதல் வருஷச் சுமையைக் குறைக்க வழி உண்டா என்று. நம் ஊரில் இப்படிக் கேட்டால் திமிர் என்பார்கள், அங்கே இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெறவும் மாட்டார்கள். அவர்கள் ஒரு வருஷ ஃபெலோஷிப்பும் பிறகு செமஸ்டருக்கு ஒரே வகுப்பும் என்று எழுத்தில் தந்தால் என் பதில் மாறும், தாராளமாக உங்கள் பேராசிரியரிடம் போங்கள். எங்கே போனாலும் ஆறாம் வருஷத்துக்குப் பணம் உண்டா என்று கேட்க மறக்காதீர்கள். ஆங்கிலத்தில் ஐந்து வருஷத்தில் முடிப்பவர்கள் குறைவு, ஆறேழு வருஷம் சர்வசாதாரணம்.

ஒரு பல்கலைக்கழகம் மார்ச் 25க்குள் பதில் சொல்லச் சொல்கிறது. எனக்குப் பிடித்த இடத்தில் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன். – வாசகர், மதுரை

அவசரப்பட வேண்டாம். அமெரிக்க முதுநிலைப் படிப்புகளின் கூட்டமைப்பான கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ், ‘ஏப்ரல் 15 தீர்மானம்’ என்று ஒன்றை வைத்திருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு தரும் ஆஃபருக்கு ஏப்ரல் 15க்கு முன்னால் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கையெழுத்திட்டவர்களின் பட்டியல் அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் அதில் இருந்தால், தீர்மானத்தைக் குறிப்பிட்டு ஏப்ரல் 15 வரை நேரம் வேண்டும் என்று இரண்டு வரி எழுதினால் போதும். நிதியுதவி இல்லாத வெறும் அட்மிஷனுக்கு இது பொருந்தாது. காத்திருப்போர் பட்டியல் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில்தான் வேகமாக நகரும், அதனால் நீங்கள் வேண்டாம் என்று முடிவு செய்த ஆஃபரை இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், உங்களைப் போலவே எங்கேயோ ஒருவர் அதற்காகக் காத்திருப்பார்.

எம்.ஏ. மட்டும் கிடைத்திருக்கிறது, உதவித்தொகை இல்லை. மொத்தம் 45 லட்சம் ஆகும். அப்பா வீட்டை வைத்து எஜுகேஷன் லோன் எடுக்கலாம் என்கிறார். – வாசகி, திண்டுக்கல்

வேண்டாம், அப்பாவிடம் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள். 11 சதவீத வட்டி என்றால் வட்டி மட்டும் மாசம் 41,000 ரூபாய்க்கு மேல். படித்து முடித்தபின் அங்கே வேலை செய்து அடைத்துவிடலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அது கம்ப்யூட்டர், இன்ஜினீயரிங் படிப்பவர்கள் கணக்கு. அவர்களுக்கு ஓ.பி.டி. என்கிற பணி அனுமதி 12 மாசத்துக்கு மேல் இன்னும் 24 மாசம் நீட்டிப்பு கிடைக்கும். ஆங்கில இலக்கியம் அந்தப் பட்டியலில் இல்லை, உங்களுக்கு 12 மாசம்தான். அந்த ஒரு வருஷத்துக்குள் ஆங்கில எம்.ஏ.வுக்கு 45 லட்சம் கடனை அடைக்கிற வேலை கிடைக்கும் என்று நம்பி வீட்டை வைக்கக் கூடாது.

இதே நேரத்தில் இங்கே யு.ஜி.சி.யின் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாசம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி, இரண்டு வருஷம் கழித்து 42,000. ஹைதராபாத் இஃப்ளு (ஆங்கிலம் மற்றும் வெளிநாட்டு மொழிகள் பல்கலைக்கழகம்), ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், சென்னை ஐ.ஐ.டி.யின் ஹியூமானிட்டீஸ் அண்ட் சோஷியல் சயின்ஸஸ் துறை எல்லாம் நல்ல இடங்கள். வெளிநாடுதான் போக வேண்டும் என்றால், எம்.ஏ.வுக்கே வகுப்பெடுக்கும் வேலை கொடுத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் அரசுப் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவில் உண்டு, அடுத்த வருஷம் அவற்றுக்குப் போடுங்கள். எம்.ஏ. இங்கேயே முடித்திருந்தால் நேராக பிஎச்.டி.க்கே போடலாம்.

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனால் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. – வாசகர், தர்மபுரி

முதல் வாரம் உங்களுக்கும் அவர்களுக்கும் காது பழக வேண்டும், மூன்றாம் வாரம் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். இலக்கணத்தை விதியாகப் படித்து வளர்ந்த உங்களுக்கு, ஒரு வாக்கியம் ஏன் தப்பு என்று விளக்கத் தெரியும். பிறந்ததிலிருந்து அந்த மொழியையே பேசிக்கொண்டிருக்கும் பலருக்கு அது தப்பு என்று தெரியுமே தவிர ஏன் என்று சொல்ல வராது. வகுப்பில் இது பெரிய பலம், பயத்தை விடுங்கள்.

ஆனால் பணம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. பல அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்கள் வகுப்பெடுக்கும் முன் வாய்மொழித் தேர்வு ஒன்றில் தேற வேண்டும், அல்லது டோஃபல் ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதிக்குத் தனி மதிப்பெண் காட்ட வேண்டும். ஒருவேளை முதல் தடவை தேறாவிட்டால் உதவித்தொகை நிற்குமா, அல்லது அந்த செமஸ்டர் எழுத்து மையத்திலோ நூலகத்திலோ வேறு வேலை கொடுத்துச் சம்பளத்தைத் தொடர்வார்களா என்று போகும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு 33 வயது, கணவர், நாலு வயதுப் பையன். 28,000 டாலர் ஆஃபர். மூன்று பேரும் போக முடியுமா? – வாசகி, கோவை

போகலாம், ஆனால் அந்தப் பணத்தில் மட்டும் மூன்று பேர் வாழ்வது மிகக் கஷ்டம். கணவருக்குக் கிடைப்பது எஃப்-2 விசா, அதில் அவர் வேலை செய்யவே கூடாது. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வாங்கும்போது குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் கூடுதல் செலவுக்கு வங்கியில் பணம் காட்டச் சொல்வார்கள். மருத்துவக் காப்பீடு ஆஃபரில் இருக்கிறது என்றால் பெரும்பாலும் அது உங்களுக்கு மட்டும், கணவருக்கும் குழந்தைக்கும் ஆகும் பிரீமியத்தைப் பல்கலைக்கழகத்திடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள், ஆளை அசத்தும் தொகையாக இருக்கும். கணவருக்கு இங்கிருந்தபடி வருமானம் இருக்கிறது என்றால் நீங்கள் முதல் வருஷம் தனியாகப் போய், குடும்பக் குடியிருப்புக்குப் பெயர் பதிந்துவிட்டு, பையன் பள்ளிக்கூட வயதுக்கு வரும்போது அழைத்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளியில் அங்கே கட்டணம் கிடையாது, மழலையர் காப்பகம்தான் விழுங்கிவிடும். பையனைப் பிரிந்து ஒரு வருஷம் இருக்கச் சொல்வது லேசான பேச்சில்லை என்று எனக்குத் தெரியும். அது முடியாது என்று நீங்கள் சொன்னால் அதுவும் சரியான முடிவுதான்.

என் மகள் ஐந்தாறு வருஷம் போய் இதைப் படித்து வந்தால் வேலை உண்டா? – ஒரு தந்தை, தஞ்சாவூர்

ஐயா, அமெரிக்காவில் பேராசிரியர் வேலையை நம்பி அனுப்பாதீர்கள். அங்கே ஆங்கிலத் துறை வேலைகளுக்கான முக்கிய விளம்பரப் பட்டியலை எம்.எல்.ஏ. என்ற மொழி இலக்கிய அமைப்பு நடத்துகிறது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு பத்து வருஷத்துக்குள் அதில் வரும் ஆங்கில விளம்பரங்கள் பாதிக்கும் கீழே போயின, பழைய நிலை திரும்பவே இல்லை. இப்போது படிப்பில் சேர்க்கும் இடங்களும் குறைகின்றன. 2024 மார்ச் முதல் அக்டோபர் வரை பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்து குறைந்தபட்ச உதவித்தொகையை 45,000 டாலராக உயர்த்த வைத்தார்கள், நியாயமான கோரிக்கை, ஆனால் அடுத்த மாசமே ஆங்கிலம் உட்படப் பல துறைகளில் அடுத்த வருஷ பிஎச்.டி. சேர்க்கையை நிர்வாகம் நிறுத்திவிட்டது.

இங்கே திரும்பி வருவதாக இருந்தால் கதை வேறு. யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி, க்யூ.எஸ்., டைம்ஸ், ஷாங்காய் ஆகிய தரவரிசைகளில் ஏதாவது ஒன்றில் முதல் 500க்குள் வந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. வாங்கியவர் நெட் தகுதித் தேர்வு இல்லாமலே உதவிப் பேராசிரியர் பதவிக்குத் தகுதி பெறுகிறார். மகளின் பல்கலைக்கழகம் அதில் இருக்கிறதா என்று சேரும் முன் பாருங்கள். கடன் இல்லாமல், அவள் சொந்தச் சம்பளத்தில் வாழ்ந்து படிக்க முடிகிற ஆஃபர் என்றால் அனுப்புங்கள். அந்த ஐந்தாறு வருஷமும் அவள் உழைத்துச் சம்பாதித்த வருஷங்களாகவே இருக்கும்.

உதவித்தொகைக்கு வரி எவ்வளவு பிடிப்பார்கள்? போகும்போது எவ்வளவு பணம் கொண்டுபோக வேண்டும்? – வாசகர், சேலம்

மத்திய வருமான வரி உண்டு, மாநில வரி ஊரைப் பொறுத்தது. இந்திய மாணவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது: இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின்படி, 1040-என்ஆர் என்கிற வருமான வரிப் படிவத்தில் நாம் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனைக் கழித்துக்கொள்ளலாம், மற்ற பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு அது கிடையாது. 2024 வருமானத்துக்கு அந்தத் தொகை 14,600 டாலர். படிவம் நிரப்பும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேரும் சேர்ந்த 7.65 சதவீதத்தை எஃப்-1 மாணவருக்கு முதல் ஐந்து வருஷம் பிடிக்கக் கூடாது, சம்பளச் சீட்டில் அது பிடித்திருந்தால் உடனே சம்பளப் பிரிவுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

வகுப்பு ஆகஸ்டில் தொடங்கினாலும் முதல் சம்பளம் பல இடங்களில் செப்டம்பர் கடைசியில்தான் வரும். அதற்குள் வீட்டு முன்பணம், முதல் மாச வாடகை, ஃபீஸ், மெத்தை, பாத்திரம், மழைக்கோட்டு என்று வரிசையாகச் செலவு வரும். இரண்டு மாச வாடகையும் சாப்பாட்டுச் செலவும் முன்பணமும் கையில் இருக்கும்படி போங்கள். ஃபீஸை மாசத் தவணையாகச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு சில பல்கலைக்கழகங்களில் உண்டு, ஆனால் அதற்கு செமஸ்டர் தொடங்கும் முன்பே பெயர் கொடுத்துவிட வேண்டும்.